சுவரும் நலம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், ஹால் சுவரும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா, நான் சொல்றதை முதல்ல கேளு" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே நீ என்னதான் குறுக்கே பேசினாலும் இங்கே நான் எழுதிக்கொண்டே போவேன். நேற்றிலிருந்து நீ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பது தெரியும். நான்தான் எடுக்கவில்லை. அப்பாவையும் எடுக்க விடவில்லை. கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள், அந்த மனுஷன் மேல் வேண்டாம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ ஏற்பாடு செய்த பெயிண்டர் வந்தார். ஹால் சுவருக்கு வெள்ளை அடிக்கவில்லை. அடிக்க நான் விடவில்லை. வீட்டை வாடகைக்குப் பார்க்க வருவதாக இருந்தவர்களையும் வர வேண்டாம் என்று புரோக்கரிடம் சொல்லியாகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்திருக்கிற விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நாங்கள் வரவில்லை.

இப்போது உனக்கு முகம் சிவந்திருக்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

நீ லீவில் வந்தபோது பார்த்தது பாதியில் நின்ற ஒரு சுவர். அது எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியாது. ஹாலில் இருந்த உன் பழைய பீரோவை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாயே, அதிலிருந்துதான் எல்லாம். பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் வேறு நிறத்தில் இருந்தது. நாம் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அடித்த மஞ்சள், அப்படியே புத்தம் புதிதாக. சுற்றியிருந்த சுவர் மட்டும் வெயிலும் புகையும் பட்டு மங்கிப்போயிருந்தது. இவ்வளவு காலமும் நாங்கள் மஞ்சள் வீட்டில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் போய் எத்தனை காலம் ஆயிற்றோ தெரியவில்லை.

அந்த இடத்தை மட்டும் சுற்றியிருக்கிற நிறத்துக்கு ஏற்ற மாதிரி பூசிவிடலாம் என்று பெயிண்ட் கடையில் ஒரு சின்ன டப்பா வெள்ளையும், கலப்பதற்கு நாலைந்து சாயப் புட்டிகளும் வாங்கி வந்தேன். ஒரு பீரோ அளவு சுவருக்கு நிறம் சேர்க்க எனக்குத் தெரியாதா என்ற திமிர்தான். கலந்தேன், மஞ்சளுக்கு வெளியே ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குப் பூசிப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது அச்சு அசலாக இருந்தது. காய்ந்ததும் ஒரு படி கருத்துவிட்டது. கொஞ்சம் வெள்ளை சேர்த்துப் பக்கத்திலேயே இன்னொன்று. அது பச்சை தட்டியது. பச்சையை அடக்க ஒரு துளி சிவப்பு விட்டால் சாம்பலாகிப் போனது. இப்படியே ஒட்டுப் போட்ட துணி மாதிரி வரிசையாகத் தப்புகள்.

சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக வந்தபோது சும்மா திரும்பிப் பார்த்தேன். அந்தப் பச்சை தட்டின தப்பும் சாம்பல் தப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன இல்லையா, அதில் பச்சை முன்னால் வந்து நின்றது, சாம்பல் பின்னால் போயிற்று. சுவர் தட்டையாக இல்லை. ஒரு கதவு ஒருக்களித்துத் திறந்த மாதிரி இருந்தது. கையில் இருந்த பிரஷ்ஷோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா வந்து, "கீழ விழுந்துட்டியா?" என்று பதறினார். விழவில்லை, பார்க்கிறேன் என்றேன். "எதை?" என்றார். பிரஷ்ஷால் சுவரைக் காட்டினேன்.

என் வேலை உனக்குத் தெரியும். நகராட்சி அலுவலகத்தில் சாக்கடை, சாலை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டவள். கடைசி வரை என் பதவிப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன் என்றேதான் இருந்தது, அதை மாற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இஞ்சினியர் அளவு கொடுப்பார், நான் கோடு போடுவேன். நான் ஒரு நூல் தள்ளிப் போட்டால் தெருவில் யாருடைய வாசலோ தள்ளிப்போகும். ஒவ்வொரு கோட்டுக்கும் யாராவது காரணம் கேட்டார்கள், நானும் சொன்னேன். வேலையில் இருந்த அத்தனை காலமும் எனக்காக என்று ஒரு கோடு போட்டதில்லை.

அந்தக் கை சும்மா விடுமா? சுவரில் வேலையை ஆரம்பித்ததும் ஸ்கேலைத்தான் எடுத்தேன். கட்டம் கட்டினேன், சாய்வு கணக்குப் போட்டேன், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் என்று திட்டம் வைத்துப் பூசினேன். ஒரு வாரம் போல வேலை செய்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் உயிரே இல்லை. உன் அப்பா பேப்பரை இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். "நம்ம தெரு சாக்கடைதானே? நம்ம வீடு எங்க வருது?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தாலும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அன்றைக்கே பட்டி பிளேடை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டிவிட்டேன். அந்த ஸ்கேலை என் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வையுங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். எங்கே வைத்தார் என்று இன்றுவரை அவருக்கே ஞாபகமில்லை. அவரை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை.

சுரண்டினதில் ஒரு லாபம் உண்டு. பழைய பூச்சு சில இடங்களில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நின்றது, சில இடங்களில் உரிந்து அடியில் இருந்த மஞ்சள் எட்டிப் பார்த்தது. நான் திட்டம் போட்டிருந்தால் அப்படி வந்திருக்காது. அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று சுவரைக் கேட்டுத்தான் செய்ய ஆரம்பித்தேன். சிரிக்காதே. ஒரு நிறம் வைத்தால் பக்கத்தில் இருக்கிறது மாறிவிடுகிறது. நீ ஒரு அறைக்குள் வந்தால் அங்கே இருக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிற விதம் மாறுகிறது இல்லையா, அது மாதிரி. அப்புறம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சில நாள் காலையில் ஒரு உள்ளங்கை அளவு இடம் பூசிவிட்டு, மத்தியானம் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிறகு ஈரத் துணியால் பாதியைத் துடைத்து எடுப்பேன். அந்தத் துடைத்த பாதிதான் சரியாக இருக்கும்.

அப்படி வந்ததுதான் அந்த நீலம். இடது பக்கம், என் உயரத்துக்கு. நானே எதிர்பார்க்கவில்லை. நீ வந்து இறங்கினதும் பையைக்கூட வைக்காமல் அதைத்தான் பார்த்தாய். "அம்மா, அந்த நீலம் சூப்பரா இருக்கும்மா" என்றாய். எனக்கும் அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். இரண்டு பேரும் சொன்னது நிஜம்.

மறுநாள் காலையில் நீ எழுந்து வந்தபோது நான் அந்த நீலத்தின் மேல் பழுப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடு முழுக்கப் புகை. நீதான் போய் அடுப்பை அணைத்தாய். திரும்பி வந்து, "நேத்துதானேம்மா பிடிச்சிருக்குன்னு சொன்னே?" என்று கேட்டாய். ஆமாம், அதனால்தான் என்றேன். அப்போது உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. என்னைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாய். அன்றைக்குச் சாயங்காலம் மாடிப்படியில் நின்று மருமகளிடம், "அம்மா பழைய அம்மா இல்ல" என்று நீ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. துணி எடுக்கப் போனேன்.

அன்று நீ விளக்கம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த நீலம் நன்றாக இருந்தது, ரொம்ப நன்றாக இருந்தது. அதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்ற பயத்தில் மற்ற இடத்தில் பிரஷ்ஷை வைக்கவே தயங்க ஆரம்பித்தேன். எதை வைத்தாலும் நீலத்துக்குப் பிடிக்குமா, நீலம் கெட்டுப்போகுமா என்றே பார்த்தேன். ஒரு வீட்டில் ஒருத்தரை மட்டும் செல்லம் கொஞ்சினால் மற்றவர்கள் முகம் வாடிப்போகும். முழுச் சுவரும் வாடிப்போய்க் கிடந்தது. நீ வருவதற்கு முன்பே இரண்டு நாள் மனசு கேட்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் மிச்சம் மீதி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரு பழுப்பு எடுத்து, அகலமான பிளேடால் மேலிருந்து கீழே இழுத்தேன். அந்த நேரத்தில் பால் என்ன, வீடே பற்றி எரிந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. பழுப்பு காயும் முன் ஓரத்தைத் துடைத்தேன். ஒரு நூல் அகலத்துக்கு நீலம் தெரிகிற மாதிரி விட்டேன். இப்போது அந்தப் பழுப்பு சேறு மாதிரி கிடக்கவில்லை, அடியில் ஏதோ இருக்கிற கனம் அதற்கு வந்திருக்கிறது. நீலம் இல்லாமல் அதே பழுப்பை ஒரு அட்டையில் பூசிப் பார்த்தேன். வெறும் சேறுதான்.

ஆக, நேற்றுச் சொன்னதை மறந்துவிட்டு அழித்தேன் என்று நீ நினைத்தாய். மறக்க முடியாததால்தான் அழித்தேன். 'பழைய அம்மா இல்ல' என்றாயே, அது மட்டும் சரி. பழைய அம்மாவுக்கு இந்தத் தைரியம் இருந்ததில்லை.

சரி, டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊருக்குத் திரும்பும் முன் எனக்காக நாள் குறித்துவிட்டுப் போனாய். உன் பள்ளித் தோழன், நம் வீட்டில் எல்லாரும் எலி என்று கூப்பிட்டவன், இப்போது நரம்பு டாக்டர். வாசலில் பெரிய மீன் தொட்டி எல்லாம் வைத்திருக்கிறான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டான். மழையில் நனைந்து வந்தவனுக்குத் தலை துவட்டிவிட்டவள் நான், பொறுத்துக்கொண்டு பதில் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான், கழித்தேன். பத்து மணி பத்து நிமிடம் காட்டுகிற மாதிரி ஒரு கடிகாரம் வரையச் சொன்னான். வெறும் கையால் வட்டம் போட்டு முள் வைத்துக் கொடுத்தேன். "அம்மா, இது என் சுவர்க் கடிகாரத்தை விட நேரா இருக்கே" என்றான்.

அப்புறம் போனில் நீ அனுப்பின படத்தைக் காட்டினான். "இது என்னம்மா?" "சுவர்." "அது தெரியுதும்மா. இதுல என்ன வரைஞ்சிருக்கீங்க?" நிறம் என்றேன். "ஏன்?" என்றான். "வாசல்ல ஏன்டா மீன் தொட்டி வெச்சிருக்கே?" என்று கேட்டேன். பார்க்க நன்றாக இருக்கும் என்றான். எந்த மீனுக்கு என்ன அர்த்தம் என்றேன். நோயாளிகள் வெளியே காத்திருக்கிறார்கள் என்பதையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்ததோடு முடிந்திருந்தால் இந்த இடத்திலேயே உன்னை நாலு வாங்கு வாங்கியிருப்பேன். முடியவில்லை. ஆரம்பத்தில் ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். கடைசியில் கேட்டான். மூன்று வந்தது. இரண்டு வரவில்லை. அந்த இரண்டையும் அவனே சொன்ன பிறகுகூட, 'இதைச் சொன்னானா இவன்?' என்றுதான் இருந்தது எனக்கு.

எலி சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "இப்ப முடிவா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வயசுக்கு இது சாதாரணமாவும் இருக்கலாம், மறதி நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்" என்றான். பெயிண்ட் அடிப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். "யார் நிறுத்தச் சொன்னது?" என்றான். யார் என்று நான் சொல்லவில்லை. நீ கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அவன் உன்னிடம் மழுப்பினான் என்று கோபித்துக்கொள்ளாதே. இதோ, சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் பல நாள் சுவர்ப் பக்கமே போகவில்லை. உனக்கு வந்த பயம் எனக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பூச்சையும் பார்த்து, இதை நான் வைத்தேனா, இல்லை அந்த நோய் வைத்ததா என்று சந்தேகப்பட ஆரம்பித்தேன். பிரஷ்ஷெல்லாம் விறைத்துப் போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் செய்து, "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, வீட்டை வாடகைக்கு விட்டுடலாம், ஹாலுக்கு மட்டும் வெள்ளை அடிச்சா போதும்" என்றாய். எனக்கு வாயே வரவில்லை. என் மௌனத்தை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். உன் அப்பாவும் சரி சரி என்றுதான் தலையாட்டினார். பரண் மேல் இருந்த பெட்டிகளை இறக்கித் துடைத்து வைத்தார்.

அவர் நாற்காலி எப்போதும் ஜன்னலைப் பார்த்துத்தான் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் டீயோடு வந்தால், நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடக்கிறது. மனுஷன் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான் டீயை வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். "இரு" என்றார். வலது பக்கம் கீழே சாய்வாக வருகிற சாம்பலைக் காட்டி, "இந்த இடத்துல என் கால் தானா பிரேக்கைத் தேடுது" என்றார்.

வாழ்க்கை முழுக்க பஸ் ஓட்டினவர். அது என்ன, ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. டீயைக் குடித்தார், டம்ளரை வைத்தார், மறுபடி பார்த்தார். நான் அவர் பின்னால் நின்று அவர் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தச் சாம்பல் ரொம்ப வேகமாக இறங்கி வந்து, எதுவும் தடுக்காமல் சுவரை விட்டே வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் என்னை உறுத்தினது அதுதான். எனக்குத்தான் பிடிபடாமல் இருந்தது.

பிரஷ்ஷை வெந்நீரில் ஊற வைத்து மறுபடி ஆரம்பித்தேன். அந்தச் சாய்வு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு துருச் சிவப்பு. அகலம் சரியாக வரவில்லை. தடிமனாகப் போட்டால் அதட்டுகிறது, மெலிசாகப் போட்டால் கெஞ்சுகிறது. போட்டேன், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன், மறுபடி போட்டேன். கடைசியில் பிரஷ்ஷை விட்டுவிட்டு என் கட்டை விரலால் ஒரே இழுப்பு. நின்றது. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "இப்ப நிக்குது" என்றார்.

நடுவில் பீரோ நின்ற இடத்து மஞ்சளைக் கடைசி வரை தொடவே இல்லை. அதைச் சுற்றித்தான் எல்லாம் நடந்தது. முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கலாம். ஒரு நாள் வெள்ளையும் பச்சையும் கலந்து பிரஷ்ஷில் எடுத்துக்கொண்டு போனேன். மேலே கொண்டுபோனால் மேலே இடமில்லை. நடுவில் வேண்டாம் என்றது. ஓரத்திலும் வேண்டாம். கையை நீட்டிக்கொண்டே சுவர் நெடுக நடந்துவிட்டு, திரும்பிப் போய் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

பெயிண்டர் வந்தது அதற்குப் பிறகுதான். ஏணி, வாளி, ரோலர், பெரிய டப்பா வெள்ளை. நல்ல மனுஷர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். "சாமானை மட்டும் நகர்த்திக் குடுங்கம்மா, ரெண்டு கோட்டிங்ல எல்லாம் மறைஞ்சிடும்" என்றார். அந்த வார்த்தைதான். அதுவரை ஒதுங்கி நின்றவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துச் சுவரை ஒட்டிப் போட்டு, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தேன். "இது மறையாது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "மறையும்மா. நான் கருப்பையே மறைச்சிருக்கேன், இது எம்மாத்திரம்?" என்றார். மறைக்க விட மாட்டேன் என்று சொல்கிறேன் என்றேன். உனக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார், நான் வாங்கவில்லை. "இந்த வேலையை நம்பி வேற வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்மா" என்று அவரும் பாவம் கையைப் பிசைந்தார். நான் எழுந்திருக்கவில்லை. என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது உன் அப்பா உள்ளே வந்தார். உனக்குத் தலையாட்டினவர், பெட்டி துடைத்தவர், புரோக்கரிடம் சாவி கொடுத்தவர். என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வெள்ளை டப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, அந்த டப்பாவை எடுத்துக்கிட்டு என்கூட வா. பின்பக்கச் சுவர் பூரா பாசி பிடிச்சுக் கிடக்கு. வெள்ளை அடிக்க இந்த வீட்ல இடமா இல்ல?"

"சார், உங்க பையன் ஹால்னுதான் சொன்னாரு."

"பையன் அவன் வீட்டு ஹாலுக்கு என்ன வேணா சொல்லட்டும். இது எங்க ஹால். அங்க உக்காந்திருக்கறது என் பொண்டாட்டி. அவ எழுந்திருக்கச் சொன்னா எழுந்திருக்கற ஆளு இல்ல. எனக்கு இவ்வளவு வருஷமாத் தெரியும்."

நீ அனுப்பின வெள்ளை வீணாகவில்லை. பின்பக்கச் சுவர் கண்ணைப் பறிக்கிறது.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது அந்தப் பெயிண்டர் ஹாலில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, எனக்கு இது பிடிக்கலை. இடது பக்கம் ரொம்ப பாரமா இருக்கு" என்றார். எனக்கு வந்த சந்தோஷம் உனக்குப் புரியுமா தெரியவில்லை. நீ, எலி, புரோக்கர், பக்கத்து வீட்டம்மா எல்லாரும் புரியவில்லை என்றீர்கள். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பாரம் வேண்டும் என்றுதான் வைத்தேன் என்றேன். வேண்டாம் என்றார். டீ ஆறும் வரை இரண்டு பேரும் சண்டை போட்டோம். அந்த மாதிரி ஒரு சண்டை நான் வேலையில் இருந்த காலத்தில்கூடப் போட்டதில்லை.

மகனே, நீ கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். பயந்துபோயிருக்கிறாய். தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் இரண்டு பங்கு. ஆறு மாதம் கழித்து எலியிடம் கட்டாயம் போவேன், அப்பாவும் கூட வருவார், என்ன சொன்னாலும் மறைக்காமல் உனக்குச் சொல்வேன். அடுப்பைப் பற்ற வைத்தால் அவர் பக்கத்தில் நிற்பதாக ஒப்பந்தம். ஆனால் உன் வீட்டு ஓர அறையில் உட்கார்ந்து, இன்றைக்கு எதை மறந்தாள் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நான் வாழ மாட்டேன். அடுத்த சுவர் படுக்கையறையில் இருக்கிறது. டப்பா வாங்கி வைத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கு எனக்கு எது வேண்டுமானாலும் ஆகலாம். அப்படி ஏதாவது ஆன பிறகு யாராவது இந்தச் சுவரைக் காட்டி, அப்போதே ஆரம்பித்துவிட்டது பார் என்று சொன்னால், நீ சும்மா இருக்காதே. நோய் வரைந்தது இல்லை, என் அம்மா வரைந்தது என்று சொல். தெரிந்த இடத்தில் தெரிந்தே வைத்தாள், தெரியாத இடத்தில் தெரியாது என்று தெரிந்தே வைத்தாள் என்று சொல். இதை நீ சொன்னால் போதும், வேறு யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

நீ, மருமகள், பேத்தி எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்களை அழைத்துப்போக வராதே, சும்மா வா. அடுத்த லீவில் பார்க்கலாம், அதற்கடுத்த லீவில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இந்த வருஷமே வா. நீ வந்து இறங்கும்போது நானே வாசலுக்கு வந்து, யாரும் எடுத்துக்கொடுக்காமல், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

என்றும் உன்
அம்மா